பதினஞ்சு நாள்ல அஞ்சு லெவல் டூ கிடைக்குமா? என்டிடி கோர்ஸ் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் என்னென்ன வேலை இருக்குன்னு எழுதும்போது என்டிடின்னு ஒரு வார்த்தைய போட்டுட்டு விளக்காம விட்டுட்டேன், அதுல இருந்து கேள்வியா வந்துக்கினே இருக்கு. ஒரு இரும்ப, ஒரு வெல்டிங்க, ஒரு பைப்ப அறுக்காம உடைக்காம உள்ள குறை இருக்கான்னு கண்டுபிடிக்கற வேலை தான் அது. சின்ன வயசுல காட்பாடி ஸ்டேஷன்ல வண்டி நின்னா ஒருத்தரு நீளமான சுத்தியால சக்கரம் ஒவ்வொண்ணா தட்டிக்கினே போவாரு, சத்தம் மணி மாதிரி வந்தா நல்ல சக்கரம், மொக்கையா வந்தா விரிசல்னு எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. அந்த சுத்தியோட பேரப்பிள்ளைங்க தான் இன்னிக்கு இருக்கற மெஷின் எல்லாம். வந்த கேள்விங்கள்ல நெறைய பேருக்கு உதவற அஞ்ச எடுத்துக்கினேன்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சி ஒரு வருஷமா வீட்ல இருக்கேன் சார். ஒரு சென்டர்ல 15 நாள்ல ஆர்டி, யூட்டி, எம்டி, பிடி, விடி அஞ்சுக்கும் லெவல் 2 சர்டிபிகேட் தர்றாங்களாம், வேலைக்கும் கேரண்டின்றாங்க. அம்மா நகைய அடகு வச்சி கட்டிடலாம்ன்றாங்க. கட்டலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: தம்பி, மொதல்ல அந்த நகைய பீரோல வச்சி பூட்டுங்க, அப்புறம் பேசலாம்.

லெவல் 1ன்னா சொல்றபடி செய்யறவரு, லெவல் 2ன்னா தானா பாத்து முடிவு எழுதறவரு, லெவல் 3ன்னா சொல்லிக் குடுத்து பரிட்சை வெக்கறவரு. நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே கணக்கு போட்டு பாருங்க. இந்த சர்டிபிகேட் எல்லாம் ஏ.எஸ்.என்.டின்ற அமெரிக்க என்டிடி சங்கத்தோட எஸ்.என்.டி-டி.சி-1ஏ ன்ற பரிந்துரைய வச்சி தான் தர்றாங்க. அதுல எந்த மெத்தடுக்கு எத்தினி மணி நேரம் வகுப்பு வேணும்னு அட்டவணையே இருக்கு. சத்தம் அனுப்பி பாக்கற யூட்டின்ற அல்ட்ராசானிக்குக்கு லெவல் 1க்கு 40 மணி, லெவல் 2க்கு இன்னொரு 40. கதிர்ல படம் எடுக்கற ஆர்டின்ற ரேடியோகிராபிக்கும் அதே 40ம் 40ம். காந்தமும் இரும்புத்தூளும் வச்சி பாக்கற எம்டின்ற மேக்னடிக் பார்ட்டிக்கிளுக்கு 12ம் 8ம், விரிசலுக்குள்ள கலர் மருந்த எறக்கி பாக்கற பிடின்ற பெனட்ரன்டுக்கு 4ம் 8ம், கண்ணால பாக்கற விஷுவலுக்கு 8ம் 16ம். எல்லாத்தையும் கூட்டுங்க, 216 மணி நேரம் வருது. 15 நாள், ஞாயித்துக்கிழமை கூட விடாம, ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வச்சாலும் 120 தான். மிச்சம் 96 மணி நேரத்த யாரு எங்க நடத்துனாங்க? பேப்பர்ல நடத்தியிருப்பாங்க.

இது வெறும் வகுப்பு மட்டும் தான். கையில மெஷின புடிச்சி வேலை செஞ்ச அனுபவம்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, யூட்டில லெவல் 1க்கு 210 மணி, அதுக்கு மேல லெவல் 2க்கு 630 மணி. பெனட்ரன்டு மாதிரி சின்ன மெத்தடுக்கே 70ம் 140ம். வீட்ல இருந்து நேரா வந்த பையனுக்கு இந்த மணி நேரம் எங்க இருந்து வரும், சொல்லுங்க?

இன்னொண்ணு, இது தான் முக்கியம், எந்த சென்டர்லயும் வாய தொறந்து சொல்ல மாட்டாங்க. எஸ்.என்.டி முறைல சர்டிபிகேட் குடுக்கற அதிகாரம் நீங்க வேலை செய்யற கம்பெனிக்கு தான் இருக்கு. கம்பெனி தனக்குன்னு எழுத்துல ஒரு நடைமுறை வச்சிருக்கும், ரிட்டன் ப்ராக்டிஸ்னு சொல்லுவாங்க, அதும்படி உங்க படிப்பு, வகுப்பு மணி, அனுபவம், கண்ணு டெஸ்ட், பரிட்சை மார்க்கு எல்லாம் பாத்துட்டு, இந்த ஆளு இந்த வேலைய பாக்கலாம்னு கையெழுத்து போடும். அந்த கம்பெனிய விட்டு வந்துட்டா அந்த சர்டிபிகேட்டும் அதோட முடிஞ்சிது, அடுத்த கம்பெனி மறுபடியும் பாத்து தான் எடுத்துக்கும். அப்போ சென்டர் குடுக்கறது இன்னா? நீங்க வகுப்புக்கு வந்தீங்க, பரிட்சை எழுதுனீங்கன்றதுக்கு ஒரு ரெக்கார்டு. அது தேவை தான், தப்பு சொல்லல. ஆனா அத டிரைவிங் லைசென்ஸ் மாதிரி வாழ்நாளைக்கும் செல்லும்னு சொல்லி விக்கறது ஏமாத்து.

அப்போ கோர்ஸே வேணாமான்னா, கண்டிப்பா படிங்க. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி நேர்ல போய் நின்னு கேளுங்க. பாடம் எடுக்கற லெவல் 3 யாரு, அவரு சர்டிபிகேட் தேதி முடிஞ்சிடுச்சா இருக்கா (ஏ.எஸ்.என்.டி லெவல் 3ன்னா அந்த சங்கத்தோட வெப்சைட்லயே பேர போட்டு பாக்கலாம்). யூட்டி மெஷின் எத்தினி, பசங்க எத்தினி பேரு, முப்பது பேருக்கு ஒரே மெஷின்னா நீங்க ப்ரோப (இரும்பு மேல வெக்கற மெஷின் முனை) தொட்டுப் பாக்கறதோட சரி. மெஷின் அளவ சரி பாக்கற வி1 பிளாக், வி2 பிளாக் இருக்கா, குறை வச்சி செஞ்ச வெல்டிங் பிளேட்டு எத்தினி வச்சிருக்காங்க, அத நீங்களே ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட் எழுத விடுவாங்களா. பரிட்சைல ஜெனரல், ஸ்பெசிபிக், பிராக்டிகல்னு மூணும் தனித்தனியா வெக்கறாங்களா. ஒவ்வொண்ணுலயும் 70, மூணுக்கும் சராசரியா 80 எடுக்கணும்றது தான் முறை. கேள்விய முந்தின நாளே குடுத்து மனப்பாடம் பண்ண வெக்கற இடத்துல உக்காராதீங்க.

உங்க நெலமைல நான் இருந்தா மொதல்ல விடி, பிடி, எம்டி மூணும் ஒழுங்கா படிச்சி எங்கயாவது ஒரு இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சில டிரெய்னியா சேந்து, ஒரு வருஷம் கழிச்சி யூட்டி எடுப்பேன். சென்னைல ஐ.எஸ்.என்.டி, அதாவது இந்திய என்டிடி சங்கத்தோட தலைமையகமே இருக்கு, காட்பாடில ரயில் ஏறினா காலைல போய் விசாரிச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். அங்க ஒரு தடவ கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இதுக்கு ஏன் இவ்ளோ நீளமா எழுதறேன்னா, வேலைக்கு சேந்த மொத வருஷம் நானே ஒரு தப்பு பண்ணேன். ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப், பேரு வேணாம், ஒரு டேங்குல எட்டு நாசில் ஜாயின்ட் (டேங்கோட பைப் வாய் சேர்ற வெல்டு), அஞ்சு பாத்து முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடுச்சு, காலைல கஸ்டமர் இன்ஸ்பெக்ஷன், எட்டுக்கும் சேத்து ஓகேன்னு எழுதுன்னாங்க, எழுதிட்டேன். ரெண்டு நாள் கழிச்சி ஹைட்ரோ டெஸ்டு, அதாவது தண்ணி நெரப்பி ப்ரஷர் குடுத்து பாக்கறது. ப்ரஷர் ஏற ஏற நான் பாக்காம விட்ட மூணுல ஒண்ணுல, வெல்டு ஓரமா மொதல்ல வேர்வ மாதிரி துளிச்சுது, அப்புறம் தண்ணி நூலா பீச்சுச்சு. தண்ணியா இருந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆவல. அந்த டேங்கு ஆசிட் வெக்கறதுக்கு செஞ்சது. பக்கத்துல நின்ன ஹெல்பர் பையன் முகம் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. படிக்காம வாங்கற லெவல் 2 எல்லாம் அந்த பார்க்காத மூணு ஜாயின்ட் தான் தம்பி.

கேள்வி: நான் கண்ணாடி போட்டிருக்கேன், பவர் கொஞ்சம் அதிகம். என்டிடிக்கு எடுப்பாங்களா?
– ஆம்பூர் வாசகி

பதில்: தாராளமா எடுப்பாங்கம்மா. கண்ணாடி போட்டுக்கினே கிட்டப்பார்வை டெஸ்ட்டுல ஜேகர் கார்டுன்ற எழுத்து அட்டைல ஜே2 அளவு சின்ன எழுத்த 12 இஞ்சு தூரத்துல படிச்சா போதும், வருஷா வருஷம் இந்த டெஸ்ட் உண்டு. கலர் வித்தியாசம் தெரியுதான்னும் பாப்பாங்க, ஏன்னா பெனட்ரன்டுல செவப்பு, ஃப்ளோரசன்டுல பச்ச மஞ்சள்னு கலர வச்சி தான் வேலையே. கலர் பிரச்சினை இருக்கறவங்க மட்டும் பணம் கட்டறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ பாத்துக்கறது நல்லது. பொண்ணுங்க இந்த வேலைக்கு வரலாமான்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன், வாங்க. ஒரே இடத்த பொறுமையா அரை மணி நேரம் பாக்கற குணம் தான் இங்க வேணும்.

கேள்வி: என் பையன் ரேடியோகிராபி வேலைக்கு போறான் சார். ராத்திரில தான் வேலைன்றான், ஏதோ கதிர் வரும்ன்றான். எனக்கு தூக்கமே இல்ல. அந்த கதிர் உடம்புல ஒட்டிக்கினு வீட்டுக்கு வருமா? நாளைக்கு அவனுக்கு கல்யாணம் ஆவணும், குழந்த பொறக்கணும்.
– வாலாஜாபேட்டையில் இருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, மொதல்ல உங்க பெரிய பயத்துக்கு பதில். ஒட்டாது. கதிர் விடற துண்டு, அத சோர்ஸ்னு சொல்லுவாங்க, அது உடையாம அதோட சின்ன ஸ்டீல் உறைக்குள்ள மூடி இருக்கற வரைக்கும் அவன் சட்டைலயோ தலைலயோ எதுவும் ஒட்டிக்கினு வராது, அவன் சாப்ட்ட தட்டுல நீங்க சாப்ட்டா ஒண்ணும் ஆவாது. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துக்கினு வந்த ஆளு பக்கத்துல நாம உக்காரறது இல்லையா, அதே மாதிரி தான். படம் எடுத்த பைப்பும் கதிர் பைப்பா மாறிடாது.

ஆனா ஆபத்தே இல்லன்னு சொன்னா நான் உங்கள ஏமாத்தறேன்னு அர்த்தம். எக்ஸ்ரே மெஷினுக்கு கரண்ட நிறுத்துனா கதிர் நின்னுடும். சைட்ல நெறைய பேரு பயன்படுத்தறது காமா கேமரா, உள்ள இரிடியம்-192ன்ற சின்ன துண்டு இருக்கும், அதுக்கு சுவிட்சே கிடையாது, ராவும் பகலும் கதிர் விட்டுக்கினே இருக்கும். சுமார் 74 நாளைக்கு ஒரு தடவ அதோட சக்தி பாதியாவும். கேமராவுக்குள்ள இருக்கற வரைக்கும் கனமான கவசம் தடுத்துடும். படம் எடுக்கும்போது தூரத்துல நின்னு கிராங்க் சுத்தி கேபிள் வழியா வெளிய தள்ளி, நேரம் முடிஞ்சதும் மறுபடி உள்ள இழுக்கணும். ராத்திரில வேலை வெக்கறதுக்கு காரணமே ஷாப்புல மத்தவங்க இருக்கக் கூடாதுன்னு தான்.

ஆபத்து எங்கன்னா, சோர்ஸ் உள்ள வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு, கதிர அளக்கற சர்வே மீட்டர்ல பாக்காம கிட்ட போறதுல இருக்கு. 1999ல பெரு நாட்டுல யனாங்கோன்ற இடத்துல நீர்மின் நிலைய வேலைல ஒரு வெல்டர் கீழ கிடந்த இரிடியம் சோர்ஸ இன்னான்னு தெரியாம எடுத்து பேண்ட் பின் பாக்கெட்ல போட்டுக்கினாரு, ஒரு கால எடுக்க வேண்டியதா போச்சு. பாக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு, அவ்ளோ தான். உங்கள பயமுறுத்த சொல்லலம்மா, பையன் இத தெரிஞ்சி வச்சிருக்கணும்னு சொல்றேன்.

அதனால அவன்கிட்ட இன்னிக்கு ராத்திரி நாலு கேள்வி கேளுங்க. உடம்புல பட்ட கதிர கணக்கு வெக்க நெஞ்சுல மாட்டற டி.எல்.டி பேட்ஜ் உன் பேர்லயே இருக்கா, அதோட டோஸ் ரிப்போர்ட்ட உனக்கு காட்டறாங்களா? சைட்ல வேலை செய்யற சர்வே மீட்டர் இருக்கா? கதிர் பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் இருக்காரா? நீ பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட ஆர்டி-1 பயிற்சி முடிச்சிட்டியா, இல்ல யாரோ கேமரா தூக்க கூப்ட்டாங்கன்னு போறியா? கடைசி கேள்வி தான் ரொம்ப முக்கியம். நம்ம நாட்டுல காமா கேமராவ கையாள அந்த பயிற்சியும், ஏ.இ.ஆர்.பின்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட விதிங்களும் கட்டாயம். எஸ்.என்.டி லெவல் 2 ஆர்டி சர்டிபிகேட் படத்த பாத்து குறை சொல்றதுக்கு, அத வச்சிக்கினு சோர்ஸ தொட முடியாது. ரெண்டும் வேற வேற, இங்க தான் பசங்க ஏமாந்து போறாங்க.

வேலை செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு சராசரியா 20 மில்லிசீவர்ட் (உடம்புல படற கதிரோட அளவு), அதுவும் அஞ்சு வருஷ சராசரில, எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐ தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. தூரத்த ரெண்டு மடங்கு ஆக்குனா கதிர் கால்வாசி ஆயிடும், மூணு மடங்கு ஆக்குனா ஒம்போதுல ஒரு பங்கு. தூரமா நின்னு, சீக்கிரம் முடிச்சி, மீட்டர நம்பி இதுல முப்பது வருஷம் வேலை செஞ்சி பேரன் பேத்தி எடுத்தவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க. நாலுக்கும் அவன் ஆமான்னு சொன்னா நிம்மதியா தூங்குங்க. ஒண்ணுக்கு இல்லன்னாலும் அந்த வேலைய விட்டுட்டு வர சொல்லுங்க, வேற இடம் கிடைக்கும்.

கேள்வி: ராணிப்பேட்டைல ஒரு ஷாப்புல என்டிடி டிரெய்னியா இருக்கேன் அண்ணா. டிபி, அதான் செவப்பு மருந்து பெனட்ரன்டு, போடும்போது சில நாள் எல்லாமே செவப்பா வருது, சில நாள் தெரிஞ்ச விரிசலே வரல. சீனியர் கேட்டா அப்டி தான் இருக்கும்ன்றாரு. இன்னா தப்பு பண்றேன்?
– ராணிப்பேட்டை டிரெய்னி

பதில்: நல்ல கேள்வி தம்பி, சீனியர் சொன்னத ஏத்துக்காம கேட்டீங்களே, அதுக்கே சந்தோஷம்.

விரிசல் வராத நாளு எந்த மாசம்னு யோசிச்சி பாருங்க. சித்திரை வைகாசியா? யார்டுல வெயில்ல கிடந்த பிளேட்டா? சாதாரண பெனட்ரன்ட்டுக்கு அளவு 5ல இருந்து 52 டிகிரி செல்சியஸ் வரைக்கும், ஏ.எஸ்.எம்.இன்ற அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர் சங்கத்தோட விதிப்புத்தகம் செக்ஷன் 5லயே இருக்கு. நம்ம ஊரு வெயில்ல பதினொரு மணிக்கு மேல பிளேட்டு மேல உள்ளங்கைய வச்சா அஞ்சு எண்றதுக்குள்ள எடுத்துடுவோம், அந்த சூடு இந்த அளவ தாண்டி நிக்கும். செவப்பு மருந்து விரிசலுக்குள்ள எறங்கறதுக்குள்ள மேலயே காஞ்சி ஒட்டிடும். காலைல ஆறு ஏழு மணிக்கு போடுங்க, இல்ல பிளேட்ட முந்தின நாள் சாயங்காலமே நெழலுக்கு தள்ள சொல்லுங்க. சூடு பாக்கற கருவி இல்லாம டிபி போடாதீங்க.

எல்லாமே செவப்பா வர நாளு வேற கதை. வெல்டு ஓரத்துல ஸ்பேட்டர் (தெறிச்ச உருண்டை), ஸ்லாக் (கசடு) போவாம இருந்தா மருந்து அங்கயே தங்கி பொய்யா காட்டும், வயர் பிரஷ் போட்டு க்ளீனர்ல தொடைச்சி காய விட்டுட்டு ஆரம்பிங்க. மருந்து போட்டு பத்து நிமிஷம் விடணும், டீ குடிச்சிட்டு வர நேரம்னு வாய்க்கணக்கு வேணாம், கடியாரத்த பாருங்க. அப்புறம் காஞ்ச துணில மொதல்ல தொடைங்க, அதுக்கு அப்புறம் க்ளீனர் லேசா நனைச்ச துணில. க்ளீனர் டப்பாவ நேரா வெல்டு மேல அடிக்கறாங்க பாருங்க, அது தான் ரொம்ப பெரிய தப்பு, விரிசல்ல எறங்குன மருந்தையும் சேத்து கழுவிட்டு போயிடும். நீங்க தெரிஞ்ச விரிசல் வரலன்னு சொன்னதுக்கு இதுவும் காரணமா இருக்கும்.

டெவலப்பர்ன்ற வெள்ளை மருந்து மெலிசா, கோலப்பொடி தூவுன மாதிரி ஒரே சீரா விழணும், கெட்டியா அடிச்சா சின்ன விரிசல மூடிடும். அடிச்ச உடனே அந்த எடத்த விட்டு போவாதீங்க. வெள்ளைக்குள்ள இருந்து செவப்பு எப்படி வருதுன்னு பாக்கறதுல தான் வித்தையே இருக்கு. விரிசல்னா மொதல்ல முடி மாதிரி ஒரு கோடு வரும், அது மெதுவா தடிக்கும். துளைன்னா புள்ளியா வந்து வட்டமா விரியும். ஒழுங்கா தொடைக்காதது மொத்தமா பிங்க் கலர்ல படர்ந்து வரும், கோடே இருக்காது. பத்து நிமிஷம் கழிச்சி வந்து பாக்கறவனுக்கு மூணும் ஒரே செவப்பு தான். உங்க போன்ல ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு போட்டோ எடுத்து வச்சிக்குங்க, ஒரு மாசத்துல உங்க கண்ணே வாத்தியார் ஆயிடும்.

கேள்வி: எனக்கு 38 வயசு, பத்தாவது வரைக்கும் தான். 14 வருஷமா வெல்டிங் பண்றேன். கண்ணும் முதுகும் சொல்ற பேச்ச கேக்க மாட்டேங்குது. யூட்டி படிச்சி அந்த பக்கம் வரலாமா? இங்கிலீஷ் வராது.
– ஆற்காடு வாசகர்

பதில்: அண்ணா, உங்கள மாதிரி ஆளு தான் இந்த பக்கம் வரணும்.

யூட்டில ப்ரோபுல இருந்து ஒரு சத்தம் இரும்புக்குள்ள போவும், நம்ம காதுக்கு கேக்காத சத்தம், அது எதுலயாவது மோதி திரும்பி வந்தா ஸ்கிரீன்ல ஒரு குச்சி எழும்பும். இரும்புக்குள்ள நேரா போற சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 5,900 மீட்டர், வெல்டு பாக்கறதுக்கு சாய்வா அனுப்பற சத்தம் சுமார் 3,200 மீட்டர். போய் வந்த நேரத்த வச்சி எந்த ஆழத்துல இருந்து வந்துச்சுன்னு மெஷின் சொல்லிடும். ஆனா அது இன்னா குறைன்னு மெஷின் சொல்லாது, ஆளு தான் சொல்லணும். படிச்சிட்டு வர பசங்களுக்கு குச்சி தெரியும், வெல்டு உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது. உங்களுக்கு ரூட் கேப் எவ்ளோ விட்டீங்க, பெவல் எந்த கோணம், எந்த பாஸ்ல கை நடுங்குச்சு, ஸ்லாக் எங்க மாட்டும்னு எல்லாம் கையே சொல்லும். பக்கச் சொவர்ல ஒட்டாம போன வெல்டு, அதான் லேக் ஆஃப் ஃபியூஷன், அது ரேடியோகிராபி படத்துல பல நேரம் தப்பிச்சிடும், யூட்டில சரியான கோணத்துல ப்ரோப் வச்சா மாட்டும். அந்த சரியான கோணம் எதுன்னு ஒரு வெல்டருக்கு சட்டுனு புரியும்.

இங்கிலீஷ் விஷயம் உண்மை தான், கேள்வித்தாள் பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான் வரும். ஆனா பெரிய இலக்கியம் ஒண்ணும் இல்ல, திரும்பத் திரும்ப வர்றது ஒரு இருநூறு முந்நூறு வார்த்தை. ப்ரோப், பீம், கெயின், இதுல பாதிய ஷாப்புல தெனமும் பேசறீங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க வீட்ல இருந்தா ராத்திரி உக்காந்து எழுதிக் குடுக்க சொல்லுங்க. கணக்குல சைன், காஸ் கொஞ்சம் வரும், அத மட்டும் ஒருத்தர்கிட்ட ஒரு வாரம் கத்துக்குங்க. வேலைய விட்டுட்டு படிக்க போவாதீங்க, ஞாயித்துக்கிழமை வகுப்பா தேடுங்க.

ஒரு சின்ன விஷயம், வகுப்புல சிஎம்சி பேஸ்ட் கொண்டாங்கன்னு சொன்னா வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய நெனச்சிக்காதீங்க, அது ப்ரோபுக்கும் இரும்புக்கும் நடுவுல காத்து இல்லாம தடவற ஒரு பசை, பவுடர தண்ணில கலக்கி செய்வாங்க. நம்ம ஊரு பசங்க எல்லாருமே மொத நாள் அங்க ஒரு தடவ முழிப்பாங்க.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. ஷாப்புல மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு 12 மில்லிமீட்டர் ஸ்கிராப் பிளேட்டு நாலு ஜோடி எடுத்துக்குங்க. ஒண்ண நல்லா வெல்டு பண்ணுங்க. ஒண்ணுல வேணும்னே பக்கச் சொவர்ல ஒட்டாம விடுங்க, ஒண்ணுல ஸ்லாக்க எடுக்காம மேல அடுத்த பாஸ் ஓட்டுங்க, ஒண்ணுல ரூட்ட நெறைக்காம விடுங்க. எது எதுன்னு பின்னாடி சாக்பீஸ்ல நம்பர் மட்டும் போட்டு தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிக்குங்க. வகுப்புக்கு போற அன்னிக்கு அந்த நாலயும் ஒரு கோணில கட்டி எடுத்துக்கினு போங்க, காசு குடுத்தாலும் அந்த மாதிரி பீஸ் எல்லா சென்டர்லயும் கிடைக்காது. நீங்களும் கத்துக்கலாம், பக்கத்துல உக்கார்ற டிப்ளமோ பையனும் உங்ககிட்ட கேட்டு கத்துப்பான்.